மல்கோவா ஒட்டும் வேர்ச்செடியும்: பொருத்தம் இல்லையா, வேறு காரணமா?

குப்பனூர்த்தோப்பு:

சேர்வராயன் மலையடிவாரத்தில், குப்பனூருக்கு அருகே எங்கள் குடும்பத்துக்கு ஒரு மாந்தோப்பு இருக்கிறது. பெரும்பகுதி மல்கோவா, ஓரங்களில் இமாம்பசந்தும் நடுசாலையும் உண்டு. மல்கோவாக் கன்றுகள் எல்லாவற்றையும் ஒரே நாற்றங்காலில், ஒரே பருவத்தில் வாங்கி நட்டோம். ஒரே தாய்மரத்துக் குச்சிகள் என்றுதான் சொல்லித் தந்தார்கள். ஏழெட்டு ஆண்டுகள் ஆன பின்பு அவற்றைப் பார்த்தால், சில மரங்கள் வீட்டுக்கூரையைத் தாண்டி விரிந்திருக்கின்றன. அவற்றுக்கு அடுத்த குழியிலேயே நிற்கும் சில மரங்கள் ஆள் உயரத்தில் தங்கிவிட்டன. சிறுத்துப்போன மரங்கள் சிலவற்றில் ஒட்டுப்பகுதி பானை வயிறுபோல் வீங்கியிருக்கிறது. சிலவற்றில் வீக்கம் எதுவும் இல்லை, ஆனால் இளந்தளிர் வெளுத்து வருகிறது.

நாற்றங்காலில் வேர்ச்செடியாக, அதாவது ஒட்டுக்கு அடியில் வேராக நிற்கும் கன்றாகப் பயன்படுத்தியது பெங்களூராக் கொட்டை. பழக்கூழ் ஆலைகளிலிருந்து வந்த கொட்டைகள் என்பது பின்னர் தெரிந்தது. மல்கோவாவுக்கும் பெங்களூராவுக்கும் ஒட்டு ஒவ்வாது என்றும், மல்கோவாவை மல்கோவாக் கொட்டையின்மேல்தான் கட்ட வேண்டும் என்றும் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். சிறுத்த மரங்களை அகற்றிவிட்டுப் புதிதாக நடும் எண்ணம் இருக்கிறது. அதற்கு முன்பாக, மா இரகங்களுக்கிடையே இப்படி ஓர் ஒவ்வாமை உண்மையில் உண்டா என்பதை அனுபவமுள்ளவர்களிடம் கேட்டுத் தெளிவு பெற விரும்புகிறேன்.

வாழப்பாடி நாற்றங்கால்:

ஐயா, வணக்கம். ஒட்டுக் கட்டுவது எங்கள் குடும்பத் தொழில் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நாம் வளர்க்கும் மல்கோவா, பெங்களூரா, நீலம், பங்கனப்பள்ளி, செந்தூரா ஆகிய அனைத்தும் ஒரே சிற்றினத்தைச் சேர்ந்தவை. ஒரே சிற்றினத்துக்குள் ஓர் இரகத்தின் குச்சியை இன்னோர் இரகத்தின் கன்றில் கட்டினால் அது சேர்வதே வழக்கம். சேராமல் போவது மிக அரிது. மாவும் முந்திரியும் ஒரே குடும்பம்தானே, முந்திரி வேரில் மாவைக் கட்டலாமா என்று கேட்பவர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன், ஏனெனில் அவை வேறு வேறு பேரினங்கள். மாவின்மேல் மாவைக் கட்டும்போது அந்தச் சிக்கல் இல்லை. பெங்களூராக் கொட்டையில் கட்டிய மல்கோவா, சேலம் மாவட்டத்திலும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் எத்தனையோ தோப்புகளில் பெருமரமாக நின்று காய்க்கிறது.

ஒட்டு காய்ந்துபோவதற்கு நாங்கள் அன்றாடம் காணும் காரணங்கள் வேறு. முதலாவது குச்சியின் பக்குவம். மூன்று நான்கு மாத வயதுள்ள, பூக்காத நுனிக் கிளையைத் தேர்ந்தெடுத்து, வெட்டுவதற்கு ஏழு முதல் பத்து நாள் முன்பே இலைப்பரப்பை நறுக்கிக் காம்பை மட்டும் விட்டுவைத்தால், நுனி மொட்டு பருத்து எழும்பத் தயாராகும். அந்த நிலையில் வெட்டிய குச்சிதான் ஒட்டுக்கு உகந்தது. இரண்டாவது, குச்சியும் வேர்ச்செடித் தண்டும் ஏறத்தாழ ஒரே தடிமனில் இருக்க வேண்டும். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே உள்ள மெல்லிய வளர்படலம் இரண்டு பக்கமும் தொட்டுக்கொண்டால்தான் காயத்திசு எழும்பி இணையும். குச்சி மெலிந்திருந்தால் ஒரு பக்கத்து விளிம்பையாவது சரியாகப் பொருத்த வேண்டும். மூன்றாவது காற்றின் ஈரம். சேலத்தில் மே மாத வெயிலில் கட்டிய ஒட்டும் ஆகஸ்ட் மழைக்குப் பின் கட்டிய ஒட்டும் ஒரே கையால் கட்டப்பட்டிருந்தாலும் ஒரே விளைவைத் தருவதில்லை.

இந்தக் காரணங்களால் போகும் ஒட்டு முதல் சில வாரங்களிலேயே போய்விடும். ஏழெட்டு ஆண்டு நின்ற மரத்தில் வேறு காரணத்தைத்தான் தேட வேண்டும். வீங்கிய ஒட்டுப்பகுதியைத் தாங்கள் அருகில் சென்று பார்த்தீர்களா? மேலே பெருத்து, கீழே சிறுத்திருக்கிறதா? நடுவில் வளையம் போட்டதுபோல் ஒரு பள்ளம் தெரிகிறதா?

ஓமலூர்ச் செம்மண்:

நாற்றங்கால் அண்ணன் சொல்வதில் ஒரு பகுதியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. முதல் பருவத்தில் ஒட்டு சேர்ந்துவிட்டது என்பதாலேயே இரண்டும் ஒத்துப்போயின என்று முடிவு கட்டக் கூடாது. பேரிக்காயைக் குயின்ஸ் என்னும் வேறொரு பழமரத்தின் வேரில் கட்டும்போது சில இரகங்கள் பல ஆண்டுகள் நன்றாக வளர்ந்துவிட்டு, ஒருநாள் பெருங்காற்றில் ஒட்டுப்பகுதியில் கத்தியால் அறுத்ததுபோல் முறிந்துவிழும் என்பது பழப்பயிர் படித்த எல்லாருக்கும் தெரிந்த செய்தி. காலந்தாழ்த்தி வெளிப்படும் அந்த ஒவ்வாமை மாவில் வரவே வராது என்று எப்படிச் சொல்ல முடியும்?

எங்கள் பக்கத்துப் பெரிய மரங்களெல்லாம் நாட்டு மாங்கொட்டையில் கட்டியவை. தோட்டத்து ஓரத்தில் தானாக முளைத்த புளிப்பு மாவின் கொட்டையைப் பொறுக்கி, தொட்டியில் வளர்த்து, தாய்மரத்தடியில் பரண் அமைத்து அதன்மேல் தொட்டியை ஏற்றி நெருக்கு ஒட்டாகக் கட்டினார்கள். குச்சி இரண்டு மூன்று மாதம் தாய்மரத்தோடு இருந்தபடியே இணையும். அதன் பிறகுதான் அறுத்து இறக்குவார்கள். அப்படிக் கட்டியவற்றில் இந்த ஏற்றத்தாழ்வை நான் பார்த்ததில்லை. ஆலைக்கொட்டை வந்த பிறகுதான் இந்தத் தொல்லை தொடங்கியது என்பது என் கருத்து.

ஏற்காடு தாவரவியல் ஆசிரியை:

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு வேறு கேள்விகள் ஒன்றாகக் கலந்துவிட்டதாக எனக்குத் தோன்றுகிறது. ஒட்டு சேருமா என்பது ஒரு கேள்வி. சேர்ந்த பின் அந்த வேர் மேலே உள்ள மரத்தை எப்படி வளர்க்கும் என்பது மற்றொன்று. குப்பனூர் நண்பரின் தோப்பில் நடந்திருப்பது பெரும்பாலும் இரண்டாவதைச் சார்ந்தது.

முதலில் ஒவ்வாமையின் அடையாளங்கள். திசுக்கள் உண்மையில் ஒவ்வாதிருந்தால், ஒட்டுப்பகுதியில் பட்டையைச் சிறு சன்னல்போல் நீக்கிப் பார்க்கும்போது மேல்பட்டைக்கும் கீழ்பட்டைக்கும் இடையே பழுப்பு நிறத்தில் இறந்த திசு ஒரு கோடாக ஓடும். உணவைக் கடத்தும் குழாய்கள் தொடர்ச்சியாக இணையாததால் மேலே தயாராகும் உணவு வேருக்கு இறங்காது. மேற்பகுதியில் இலை மஞ்சளாகும், மரம் தன் வயதுக்கு மீறிப் பூக்கும், ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து துளிர்கள் ஓயாமல் கிளம்பும், முறிந்தால் முறிவு வழவழப்பாக இருக்கும். வெறும் வீக்கம் மட்டும் ஒவ்வாமைக்குச் சான்றாகாது. வேகமாகப் பருக்கும் இரகத்தை மெதுவாகப் பருக்கும் வேரில் கட்டினால் மேல்பகுதி பெருத்துத் தெரியும். உள்ளே இணைப்பு உறுதியாக இருந்தால் அந்த மரம் தன் ஆயுள் முழுவதும் காய்க்கும்.

அடுத்ததாக ஏற்றத்தாழ்வு. மாவில் இரண்டு வகைக் கொட்டைகள் உண்டு. மல்கோவா, பெங்களூரா, நீலம், பங்கனப்பள்ளி, அல்போன்சா முதலிய பெரும்பாலான இந்திய இரகங்களின் கொட்டையில் ஒரே கருதான் இருக்கும். அந்தக் கரு மகரந்தச் சேர்க்கையால் உண்டாவது. மாம்பூவில் அயல் மகரந்தமே பெரும்பாலும் வேலை செய்வதால், ஒரே பெங்களூரா மரத்தின் ஒரே கிளையில் காய்த்த இரண்டு காய்களுக்குக்கூடத் தந்தை வேறாக இருக்கலாம். ஆகவே அந்தக் கொட்டைகளிலிருந்து வரும் கன்றுகள் ஒவ்வொன்றும் தனித்தன்மை உடையவை: ஒன்று ஆழமாக வேர்விடும், ஒன்று மேலோட்டமாக வேர்விடும், ஒன்று வீரியமானது, ஒன்று மந்தமானது. கேரளக் கடற்கரைப் பகுதியின் ஒலூர், சந்திரக்காரன், மூவாண்டன், குருக்கன் போன்றவற்றிலும், வெள்ளைக்கொழும்பானிலும் ஒரே கொட்டையிலிருந்து பல கன்றுகள் முளைக்கும். அவற்றில் பெரும்பாலானவை கருவைச் சூழ்ந்துள்ள தாய்த்திசுவிலிருந்து உண்டாவதால் தாயின் நகல்களாகவே இருக்கும். தோப்பு முழுவதும் ஒரே சீரான வேர் வேண்டுமென்றால் இந்த வகைக் கொட்டையை நாட வேண்டும்.

ஓமலூர் அண்ணன் சொன்ன நாட்டு மாங்கொட்டையும் ஒற்றைக் கருவாக இருந்தால் அதே ஏற்றத்தாழ்வைத் தந்திருக்கும். அக்காலத்தில் தொட்டிக்கு ஒன்றாகச் சிறிதளவே வளர்த்து, திடமான கன்றை மட்டும் தேர்ந்து பரணில் ஏற்றியதால் மந்தமானவை அங்கேயே கழிந்திருக்கும் என்பது என் ஊகம். ஆயிரக்கணக்கில் வளர்க்கும் இன்றைய நாற்றங்காலில் அந்தத் தேர்வு குறைந்துவிட்டது.

சூரமங்கலம் மண்:

தளிர் வெளுக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி மட்டும் வெளுக்கிறதா? அந்த மரங்கள் தோப்பின் ஒரே பகுதியில் கூட்டமாக நிற்கின்றனவா, அல்லது ஆங்காங்கே சிதறி நிற்கின்றனவா? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால் வேரைக் குறை சொல்வதா, மண்ணைக் குறை சொல்வதா என்று பேசலாம்.

குப்பனூர்த்தோப்பு:

கேட்டவற்றையெல்லாம் ஒவ்வொரு மரமாகச் சென்று பார்த்தேன். ஆசிரியை அம்மா சொன்னபடி, சிறிய உளியால் சில மரங்களில் பட்டையை நீக்கியும் பார்த்தேன்.

வீங்கிய மரங்களில் பலவற்றில், நாற்றங்கால் அண்ணன் கேட்டதுபோல் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தைக் கிளறியபோது ஒட்டுக் கட்டிய பாலித்தீன் நாடா பட்டைக்குள் புதைந்து கிடந்தது. மற்ற வீங்கிய மரங்களில் நாடா இல்லை; அவற்றில் பழுப்புக் கோடும் இல்லை, பட்டை மேலிருந்து கீழ்வரை ஒரே தொடர்ச்சியாக இருக்கிறது. அந்த மரங்கள் நன்றாகவே காய்க்கின்றன.

தளிர் வெளுக்கும் மரங்கள் எல்லாம் தோப்பின் கிழக்குச் சரிவில் கூட்டமாக நிற்கின்றன. நரம்பு பச்சை, இடையில் வெளுப்பு. பழைய இலைகளில் அந்த வெளுப்பு இல்லை. அந்தச் சரிவில் ஓர் அடி தோண்டினாலே சுக்கான்கல் (சுண்ணாம்புக்கல்) வருகிறது. இவை இரண்டிலும் சேராமல், காரணம் தெரியாமல் சிறுத்த மரங்கள் தோப்பெங்கும் சிதறி இருக்கின்றன.

வாழப்பாடி நாற்றங்கால்:

நாடா புதைந்த மரங்களின் கதை தெளிவாகிவிட்டது. ஒட்டு சேர்ந்து, மேல்துளிர் முதிர்ந்ததும் நாடாவை அறுத்துவிட வேண்டும். அப்படி அறுக்காமல் கன்றை விற்பதும், வாங்கியவர் அதைக் கவனிக்காமல் நடுவதும் அடிக்கடி நடக்கின்றன. தண்டு பருக்கப் பருக்க நாடா இறுகி, மேலிருந்து வரும் உணவை அங்கேயே தடுத்துவிடும். தேங்கிய உணவால் மேல்பகுதி வீங்கும், வேர் பட்டினி கிடக்கும். இதைப் பார்ப்பவர்கள் ஒட்டு ஒவ்வவில்லை என்று எண்ணிவிடுகிறார்கள். பெங்களூரா வேருக்கு வந்த கெட்ட பெயரில் பெரும்பகுதி இந்த நாடாவால் வந்தது என்றே நான் நம்புகிறேன்.

வெட்டிவிட வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் நாடாவைக் கூர்மையான கத்தியால் நெடுக்கில் கீறி எடுத்துவிட்டு, காயத்தில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லிப் பசை) பூசுங்கள். ஆள் உயரத்தில் நிற்கும் மரமாக இருந்தால், அதன் தூரை ஒட்டி மழைக்காலத்தில் இரண்டு திடமான மாங்கன்றுகளை நட்டு, அவை பென்சில் தடிமனைத் தாண்டியதும் அவற்றின் நுனியைச் சாய்வாகச் சீவி, பழைய ஒட்டுக்கு மேலே மரத்துப் பட்டையில் பொருத்திக் கட்டலாம். பழைய வேர் நலிந்தாலும் புது வேர்கள் மரத்தைத் தாங்கிக்கொள்ளும். பெரிய மரத்தில் இது சிரமம். உங்கள் சிறுத்த மரங்களுக்கு முயன்று பார்க்கத் தகுந்த வழிதான்.

காரணம் தெரியாத மரங்களில் ஒன்றிரண்டின் தூரைத் தோண்டி வேரைப் பாருங்கள். கன்று பையிலேயே அதிக நாள் இருந்திருந்தால் ஆணிவேர் பையின் அடியில் சுருண்டு, நட்ட பின்பும் அந்தச் சுருளிலிருந்து விடுபடாமல் இருக்கும்.

சூரமங்கலம் மண்:

கிழக்குச் சரிவில் நடப்பது இரும்புச்சத்துக் குறைபாடு. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. சுக்கான் நிறைந்த காரத்தன்மையுள்ள மண்ணில் அது வேர் எடுத்துக்கொள்ள முடியாத வடிவத்தில் கட்டுண்டு கிடக்கிறது. இளந்தளிரில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி வெளுத்தும் இருப்பது அதன் கையெழுத்து. மாவுக்குக் கார அமில நிலை 5.5 முதல் 7.5 வரை இருப்பது நல்லது. சுக்கான் மண்ணில் அது 8ஐத் தாண்டுவது இயல்பு.

சேலத்துக்காரர்கள் இங்கே இன்னொன்றைப் பிரித்தறிய வேண்டும். கருப்பூர், ஜாகீர் அம்மாபாளையம் பக்கம் வெள்ளைக்கல் எனப்படும் மேக்னசைட் கிடைக்கும் குன்றுகளை ஒட்டிய நிலங்களில் சிக்கல் வேறு: அங்கே மக்னீசியம் மிகுந்து, கால்சியத்தையும் பொட்டாசியத்தையும் வேர் எடுக்கவிடாமல் செய்யும். குப்பனூர் அடிவாரம் சார்னோகைட் பாறையிலிருந்து வந்த செம்மண். உங்கள் சரிவில் மட்டும் சுண்ணாம்பு திரண்டிருக்கிறது. ஒருவர் தோட்டத்தில் பலித்த வேர் மற்றவர் தோட்டத்தில் பலிக்காமல் போவதற்கு இப்படிப்பட்ட வேறுபாடும் காரணம். மண் மாதிரியையும் கிணற்றுநீர் மாதிரியையும் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டி வழி கேளுங்கள்.

வேர்ச்செடியின் உண்மையான பயன் இப்படிப்பட்ட இடத்தில்தான் தெரியும். இஸ்ரேலில் உப்பு நீரையும் சுண்ணாம்பு மண்ணையும் தாங்குவதற்காக 13-1 என்ற பல கரு வேர்ச்செடியைத் தேர்ந்தெடுத்தார்கள். கானரித் தீவுகளில் கொமேரா-1 என்பதைப் பயன்படுத்துகிறார்கள். இங்கே கிடைப்பவற்றில் குருக்கனும் ஒலூரும் உப்பைத் தாங்கும் திறனுக்காகப் பேசப்படுபவை. மேலே எந்த இரகம் என்பதை முடிவு செய்வதற்கு எடுத்துக்கொள்ளும் அக்கறையில் பாதியைக் கீழே எந்த வேர் என்பதற்கும் நாம் காட்டுவதில்லை என்பது எனக்கு நீண்ட நாள் வருத்தம்.

ஓமலூர்ச் செம்மண்:

நாடா பற்றிய செய்தியை ஏற்கிறேன். ஆயினும் ஆசிரியை அம்மாவிடம் ஒரு கேள்வி. பல கருக் கொட்டையில் முளைக்கும் கன்றுகள் எல்லாம் நகல்கள் என்றால், அவற்றுள் மகரந்தத்தால் வந்த ஒன்றும் இருக்குமே, அதை எப்படிக் கண்டுபிடித்து நீக்குவது? நீக்காவிட்டால் சீர்மை என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஏற்காடு தாவரவியல் ஆசிரியை:

சரியான கேள்வி அண்ணா. மகரந்தத்தால் உண்டான கரு பல நேரங்களில் மற்றவற்றோடு போட்டியிட முடியாமல் நலிந்துவிடும். ஆனால் எல்லா இரகத்திலும் அப்படி நடக்கும் என்று நம்பியிருக்க முடியாது, சில சமயம் அதுவே திடமாக வளரும். எனவே நாற்றுப்படுகையில் பெரும்பான்மைக் கன்றுகளின் உயரம், இலைவடிவம், தளிரின் நிறம் ஆகியவற்றைப் பார்த்து, அவற்றிலிருந்து எந்தப் பக்கம் விலகி நின்றாலும், குட்டையோ நெட்டையோ, அதைப் பிடுங்கிவிட வேண்டும். முழு உறுதி கிடைக்காது. ஆனால் பெங்களூராக் கொட்டைப் படுகையோடு ஒப்பிடும்போது கிடைக்கும் சீர்மை மிகப் பெரிது.

வேர் மரத்தின் அளவை மாற்றும் என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் அல்போன்சாவைப் பல வேர்ச்செடிகளில் கட்டி நீண்டகாலம் கவனித்தபோது, வெள்ளைக்கொழும்பானில் கட்டிய மரங்கள் குறுகி நின்றன. மரத்தின் அளவோடு ஒப்பிட்டால் அவற்றின் காய்ப்புத் திறனும் நன்றாக இருந்தது. மூவாண்டன், பப்பாக்காய் போன்றவற்றில் கட்டியவை பெரிதாக வளர்ந்தன. ஒட்டு அனைத்திலும் சேர்ந்தது, வளர்ச்சியில்தான் வேறுபாடு.

குப்பனூர்த்தோப்பு:

அப்படியானால் புதிதாக நடும் இடங்களில் வெள்ளைக்கொழும்பானில் கட்டிய மல்கோவாவையே நடலாமா? மல்கோவா பெருமரமாக விரிவதும் காய்ப்புக்குத் தாமதிப்பதும்தான் எங்களுக்குப் பெரிய சுமை. ஐந்து மீட்டர் இடைவெளியில் அடர்நடவு செய்ய முடிந்தால் நிலம் மிச்சமாகும்.

ஓமலூர்ச் செம்மண்:

அவசரப்பட வேண்டாம் தம்பி. அல்போன்சாவில் கண்ட விளைவு மல்கோவாவிலும் அப்படியே வரும் என்று எடுத்துக்கொள்வது சரியில்லை. வேரும் மேல்இரகமும் சேர்ந்துதான் மரத்தின் அளவை முடிவு செய்கின்றன. மேலும், குறுகிய மரம் என்றால் குறுகிய வேர் என்றே பெரும்பாலும் பொருள். உங்கள் அடிவாரத்தில் கோடையில் கிணறு வற்றினால், மானாவாரியாக நின்று பழகிய வீரியமான வேர் தாங்கும் அளவுக்கு அது தாங்குமா என்பதை யோசியுங்கள். சொட்டுநீர் உறுதியாக இருக்கும் பகுதியில் மட்டும் முயன்று பாருங்கள். எஞ்சிய இடத்துக்கு நாட்டுக்கொட்டையே போதும். ஆனால் தேர்ந்தெடுத்த கொட்டை.

மல்கோவாவின் குறைந்த காய்ப்பு அந்த இரகத்தின் இயல்பு. வேரால் அதை ஓரளவு திருத்தலாமே தவிர, நீலத்தைப்போல் ஆண்டுதோறும் காய்க்கவைக்க முடியாது. நீலம் ஒன்றிரண்டை இடையே நட்டு மகரந்தத்துக்கு வழி செய்வது அதைவிடப் பலன் தரும்.

ஏற்காடு காப்பித்தோட்டம்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் தோட்டம் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காப்பிக்கு நிழலாக நிற்கும் பழைய நாட்டு மாமரங்களில் மல்கோவாவைக் கட்டினால் சேருமா?

வாழப்பாடி நாற்றங்கால்:

சேரும். முதிர்ந்த மரத்தின் கிளையை வெட்டித் துளிர்க்கவிட்டு, அந்தப் புதுத்துளிரில் கட்டினால் நன்றாகவே சேரும். காய்க்குமா என்பதுதான் கேள்வி. மா வணிகமுறையில் பலன் தருவது 600 மீட்டர் உயரம் வரையில்தான். பூக்கும் காலத்தில் உங்கள் மலையில் நிலவும் குளிரும் மூடுபனியும் மகரந்தத்தைக் கெடுக்கும், சாம்பல் நோயையும் கொண்டுவரும். சேலம் நகரம் 280 மீட்டர் உயரத்தில் இருப்பதும் நீங்கள் 1,400இல் இருப்பதும் எந்த வேராலும் மாற்ற முடியாத வேறுபாடு. வீட்டருகே ஒரு கிளையில் ஆசைக்குக் கட்டிப் பாருங்கள். தோட்டமாகச் செய்ய வேண்டாம்.

மேச்சேரி மாடித்தோட்டம்:

ஒரே மரத்தில் மல்கோவா, பெங்களூரா, நீலம் மூன்றையும் கட்டலாம் என்கிறார்களே, அது நிலைக்குமா?

வாழப்பாடி நாற்றங்கால்:

நிலைக்கும், நீங்கள் கவாத்து செய்தால். வீரியமான இரகம் சாறு முழுவதையும் தன்பக்கம் இழுத்துக்கொண்டு மற்றவற்றை நிழலில் தள்ளிவிடும். நீலத்தை உயரமான, வெயில் படும் கிளையிலும், வீரியமானதைத் தாழ்ந்த கிளையிலும் கட்டி, ஆண்டுதோறும் பெருப்பதைக் குறைத்துவாருங்கள்.

குப்பனூர் ஐயாவின் கேள்விக்கு வருகிறேன். ஓமலூர் அண்ணன் சொன்ன மானாவாரிப் பகுதிக்கு, பையில் கட்டிய கன்றை வாங்கி நடுவதற்குப் பதிலாக, குழியிலேயே கொட்டையை ஊன்றி, அங்கேயே ஒட்டுக் கட்டும் முறையைப் பரிந்துரைக்கிறேன். ஆணிவேர் ஒருமுறையும் அறுபடாமல், சுருளாமல் நேரே இறங்குவதால் வறட்சியைத் தாங்கும். மாங்கொட்டையைப் பத்திரப்படுத்தி வைக்க முடியாது. பழத்திலிருந்து எடுத்த நான்கு வாரங்களுக்குள் முளைப்புத்திறன் வேகமாகக் குறைந்துவிடும். எனவே ஜூன், ஜூலையில் கொட்டையை எடுத்தவுடன் கழுவி, நீரில் இட்டு மிதப்பவற்றை நீக்கி, மேலோட்டைக் கவனமாகப் பிரித்து உள்பருப்பை ஊன்றினால் விரைவாகவும் நேராகவும் முளைக்கும். குழிக்கு மூன்று கொட்டை ஊன்றி, பின்னர் திடமான ஒன்றை மட்டும் நிறுத்துங்கள். அந்தக் கழிப்பில்தான் பழைய பரண்காலத்துத் தேர்வு மீண்டும் கிடைக்கும்.

மறுபருவ மழையில், கன்றின் நுனியில் புதுத்தளிர் செம்புநிறத்தில் எழும்பி, தண்டு இன்னும் மென்மையாக இருக்கும்போது, நுனியை வெட்டிப் பிளந்து, ஆப்புபோல் சீவிய குச்சியைச் செருகிக் கட்ட வேண்டும். மேலே நீண்ட மெல்லிய பாலித்தீன் உறையைக் கவிழ்த்தால் குச்சி காயாது. கொட்டை முளைத்த இரண்டு வாரத்துக்குள் கட்டும் கல் ஒட்டு முறை கொங்கணத்தின் ஈரக்காற்றில் சிறப்பாக வருகிறது. நம் வறண்ட காற்றில் நிழல்வலைக் கூடாரம் இல்லாமல் அதை முயல வேண்டாம்.

சூரமங்கலம் மண்:

சுக்கான் சரிவில் இந்த முறையைச் செய்வதானால் குழியை மூன்று அடிக்குக் குறையாமல் எடுத்து, சுக்கான்கல் அடுக்கை உடைத்துவிட்டு, மேல்செம்மண்ணும் தொழுவுரமும் கலந்து நிரப்புங்கள். அடுக்கை உடைக்காமல் எந்த வேரை வைத்தாலும் அது அங்கே திரும்பிக்கொள்ளும்.

குப்பனூர்த்தோப்பு:

அனைவருக்கும் நன்றி. சிதறி நின்ற சிறுத்த மரங்களில் சிலவற்றைத் தோண்டிப் பார்த்தேன். சிலவற்றில் நாற்றங்கால் அண்ணன் சொன்னதுபோல் ஆணிவேர் சுருண்டிருக்கிறது; மற்றவற்றில் வேர் நேராக இருந்தும் மெலிந்திருக்கிறது. இந்த இரண்டாவது வகையைத்தான் ஆசிரியை அம்மா சொன்ன மந்தமான வேர்ச்செடி என்று எடுத்துக்கொள்கிறேன். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரிடமும் நாடாவைக் காட்டினேன். தம் தோட்டத்து வீங்கிய மரங்களையும் கிளறிப் பார்ப்பதாகச் சொன்னார்.

முடிவு செய்திருப்பது இது. நாடா புதைந்த மரங்களை வெட்டவில்லை. மழை தொடங்கியதும் துணைக்கன்றுகளை நட்டுச் சேர்த்துக் கட்டுவோம். கிணற்றை ஒட்டிய பகுதியில், சொட்டுநீரோடு, வெள்ளைக்கொழும்பான் வேரில் ஒரு வரிசையும் நாட்டுக்கொட்டை வேரில் ஒரு வரிசையும் அடுத்தடுத்து, இரண்டுக்கும் எங்கள் தோப்பில் நன்றாகக் காய்க்கும் ஒரே மல்கோவா மரத்துக் குச்சியைக் கொண்டு கட்டப்போகிறோம். மானாவாரிப் பகுதியில் குழியிலேயே கொட்டை ஊன்றுவோம். கிழக்குச் சரிவை மண் பரிசோதனை முடிவு வரும்வரை விட்டுவைக்கிறோம்.

ஒரு விவரம் மட்டும் தேவை. வெள்ளைக்கொழும்பான் கொட்டையை இனம் மாறாமல் எங்கே பெறுவது, எத்தனை மாதம் முன்பே சொல்லிவைக்க வேண்டும்?

வாழப்பாடி நாற்றங்கால்:

கொட்டையாக வாங்குவதானால், காய்த்து நிற்கும் மரத்தையே நேரில் பார்த்து, பழம் இறங்கும்போது அங்கேயே இருந்து பிரித்தெடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு; மூட்டையாக வரும் கொட்டையில் இனம் கலந்தே தீரும். கேரளத்தில் பருவம் நமக்கு முன்பே தொடங்கிவிடுவதால் பிப்ரவரியிலேயே பேசிவைக்க வேண்டும். கொண்டுவரும் வழியில் சாக்கில் கட்டிக் குவிக்காமல், ஈரமான தேங்காய்நார்க் கழிவில் பரப்பி எடுத்துவாருங்கள். படுகையில் ஊன்றும்போது கொட்டைக்கும் கொட்டைக்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். ஒரே கொட்டையிலிருந்து மூன்று நான்கு கன்று கிளம்பும், அவற்றை வேர் அறாமல் பிரித்துத் தனித்தனிப் பையில் மாற்ற அந்த இடம் வேண்டும்.

ஓமலூர்ச் செம்மண்:

நாட்டுக்கொட்டை வரிசைக்கு எங்கள் தோட்டத்து ஓர மரத்துக் கொட்டையைத் தருகிறேன் தம்பி. ஜூன் கடைசியில் பழம் விழும். இரண்டு நாள் முன்பே தகவல் சொல்கிறேன், கூடையோடு வாருங்கள்.